சிங்கப்பூரில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா? வண்டியை எங்கே நிறுத்துவது?

வேலைக்காகச் சிங்கப்பூர் வரப்போகிறீர்கள், கார் வாங்கும் எண்ணம் இல்லை, சைக்கிள் போதுமா, அதை எங்கே விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதும். நான் அங் மோ கியோ என்ற குடியிருப்புப் பேட்டையில் இருக்கிறேன். சந்தை, நூலகம், எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம், அலுவலகம் எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் யோசியுங்கள். இங்கே ஓட்டுவது வரவர எளிதாகிக்கொண்டு வருகிறது. வீட்டிலும் வேலையிடத்திலும் வண்டியைப் பயமில்லாமல் விட இடம் கிடைத்தால்தான் பழக்கம் நிலைக்கும். அது இல்லாமல் கொஞ்ச நாளிலேயே பஸ்ஸுக்குத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூரைக் கார் நகரம் என்றால் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு காரை 10 ஆண்டு வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், சிஓஇ, அதுவே 1 லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போயிருக்கிறது. 2018 பிப்ரவரியிலிருந்து கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்யமாக வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் சரி. ஆனாலும் இந்தச் சின்னத் தீவின் நிலத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு சாலைதான். கார் இல்லாத குடும்பங்களே அதிகம் உள்ள ஊரில் நிலத்தை இப்படிப் பங்கிட்டிருப்பது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.

மாற்றம் நடக்காமல் இல்லை. எங்கள் பேட்டையில் 2016ல் 2.6 கிலோமீட்டருக்கு நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் தனித்தனியாகப் போட்டார்கள். காலையில் அதில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்குப் போகும் அம்மாக்களையும், சந்தைக்குப் போகும் தாத்தாக்களையும் பார்க்கலாம். நகர மையத்தில் உள்ள பென்கூலன் ஸ்ட்ரீட்டில் இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள். எம்ஆர்டி வேலைக்காகத் தோண்டிய சாலையை 2017ல் திரும்பத் திறந்தபோது நான்கு தடங்களை இரண்டாகக் குறைத்து, மீதியை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் கொடுத்தார்கள். சைக்கிளைப் பூட்டி நிறுத்தும் கம்பிகளும் அங்கேயே வைத்தார்கள். 2020ல் 460 கிலோமீட்டராக இருந்த சைக்கிள் பாதையை 2030க்குள் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டராக்குவது அரசின் திட்டம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் ஓட்டலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சைக்கிள் பாதையிலும் பூங்காக்களை இணைக்கும் பாதையிலும் 25 வரை போகலாம். சைக்கிள் பாதையை ஒட்டியே நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதை இருந்தால் அதில் ஏறக்கூடாது. 2025 ஜூலை 1 முதல் அது குற்றம். சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம், விரைவுச்சாலைப் பக்கமே போகக்கூடாது. இங்கே ஏழு மணி வாக்கில்தான் விடியும் என்பதால், சீக்கிரம் கிளம்புகிறவர்கள் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நிறுத்துவதைப் பற்றி. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கிலோ பக்கத்திலோ கம்பிகள் இருக்கும். பாதி இடத்தை யாரோ எப்போதோ விட்டுப்போன, சக்கரத்தில் காற்றில்லாத வண்டிகள் பிடித்திருக்கும். நகர மன்றம் அவற்றில் அறிவிப்புச் சீட்டு கட்டிப் பிறகு அகற்றும், கொஞ்ச மாதத்தில் மறுபடி நிறைந்துவிடும். அதனால் பலர் வண்டியை மின்தூக்கியில் ஏற்றி வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். அப்படிச் செய்தால் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். தீ விபத்து நேரத்தில் அதுதான் எல்லோருக்கும் தப்பிக்கும் வழி. பக்கத்து வீட்டில் சக்கர நாற்காலியில் பாட்டி இருந்தால் அந்த அளவுக்கு மேலேயே விடுங்கள்.

எம்ஆர்டி நிலையங்களில் இரண்டு அடுக்குக் கம்பிகள் வந்திருக்கின்றன. இடம் மிச்சம்தான், ஆனால் மேலடுக்குக்கு வண்டியைத் தூக்கி ஏற்றக் கையில் பலம் வேண்டும். வயதானவர்கள் கீழடுக்கில் இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கும். உங்களுக்குத் தெம்பு இருந்தால் தயவுசெய்து மேலே வையுங்கள். சிங்கப்பூர்தானே என்று மெல்லிய கேபிள் பூட்டோடு விட்டுவிடாதீர்கள். நிலையங்களில் சைக்கிள் திருட்டு நடக்கிறது. யூ வடிவப் பூட்டால் ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பியில் மாட்டுங்கள்.

அலுவலகம்தான் பெரிய தலைவலி. புதிய கட்டடங்களில் சைக்கிளுக்கும் இடம் விடவேண்டும் என்று விதி இருக்கிறது, பழையவற்றில் ஒன்றும் இருக்காது. என் அலுவலகக் கட்டடத்தில் நான்கு மாடிக்குக் கார் நிறுத்தலாம், சைக்கிளுக்கு ஒரு மூலைகூட இல்லாமல் இருந்தது. காவலர் ஒரு தமிழர், நல்ல மனிதர். "தம்பி, எனக்கு ஒன்னும் இல்லப்பா, மேனேஜ்மென்ட்தான் சத்தம் போடும்" என்பார். அவரோடு வாதாடிப் பயனில்லை. துப்புரவு அக்காக்கள் உட்பட, சைக்கிளில் வரும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். மோட்டார் சைக்கிள் பகுதியில் காலியாகக் கிடந்த ஓரத்தையும் படம் எடுத்து இணைத்தோம். பல மாதம் கழித்து அங்கே கம்பி வந்தது. தனியாகக் கேட்டால் அதை ஒருவருடைய பொழுதுபோக்கு என்றுதான் பார்க்கிறார்கள்.

சிங்கப்பூரில் சைக்கிள் பலருக்குப் பொழுதுபோக்கே அல்ல. துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் போன்ற தொழிற்பேட்டைப் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள். விடுதியிலிருந்து பட்டறைக்கும் கப்பல்தளத்துக்கும் சைக்கிள் மிதிக்கும் தம்பிகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! கனரக லாரிகள் ஓடும் சாலையில், ஓரமாக ஒட்டிக்கொண்டு போகிறார்கள். கம்பி இல்லாத இடத்தில் வேலியிலோ விளக்குக் கம்பத்திலோ பூட்டினால் அதிகாரிகள் வண்டியை எடுத்துப்போய்விடும் அபாயம். அந்தப் பழைய வண்டி போனால் மறுநாள் வேலைக்கு எப்படிப் போவது என்பதே அவர்களுக்குக் கேள்வி. புதிய பாதையும் கம்பியும் முதலில் அங்கே வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குடியிருப்புப் பேட்டைகளில் இருக்கும் எங்களுக்குப் பஸ், ரயில் என்று வேறு வழி உண்டு.

நிறுத்த இடமே கிடைக்காது போலிருந்தால் மடிக்கும் சைக்கிள் வாங்குங்கள். மடித்தபின் 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் பஸ்ஸிலும் ரயிலிலும் நாள் முழுக்க அனுமதி உண்டு, மேசைக்கு அடியிலும் வைத்துக்கொள்ளலாம். வாடகை சைக்கிள் எப்போதாவது ஓட்டுவதற்குச் சரி. அதை நிறுத்துவதற்கென்று தரையில் போட்ட மஞ்சள் கட்டத்திலோ கம்பியிலோ விட்டு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யாவிட்டால் 5 வெள்ளி போகும்.

அப்புறம், அறை வாடகைக்குப் பார்க்கும்போதே வீட்டுக்காரரிடம் சைக்கிள் பற்றிக் கேட்டுவிடுங்கள். உள்ளே வைக்கலாமா, தாழ்வாரத்தில் வைத்தால் பக்கத்து வீட்டார் ஒன்றும் சொல்ல மாட்டார்களா, கீழே கம்பியில் இடம் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.