மாடிக்குக் கம்பி விட்டுக் கட்டுங்கள்: கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

அண்ணாச்சி, மானிட்டர் இருக்கு. கையில 65 ஆயிரம் இருக்கு. கிராபிக்ஸ் கார்டோட ஏஎம்4 செட் இப்பவே வாங்கவா, இல்ல ஏஎம்5 வாங்கிட்டு கார்டை அடுத்த வருஷம் போடவா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, நம்ம பக்கம் வீடு கட்டுகிறவர்கள் மொட்டைமாடித் தூண்களில் கம்பியை நீட்டியபடி விட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே எழுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு. கம்ப்யூட்டரில் அந்தக் கம்பி என்பது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டும், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான்.

ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. நன்றாக உழைத்துவிட்டது, இனி அதில் பெரிதாக எதுவும் வரப்போவதில்லை. ஏஎம்5 வந்தது 2022-இல். 2027 வரையாவது அதற்குப் பிராசசர் தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதனால் என் ஓட்டு ஏஎம்5-க்கு. பி650 மதர்போர்டு, ரைசன் 5 8600ஜி பிராசசர். அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் வேலோரண்ட், ஜிடிஏ 5 எல்லாம் 1080பி-யில் செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் தாராளமாக ஓடும்.

கடைக்காரர் "8500ஜி எடுங்க, விலை குறைவு" என்பார். அங்கேதான் கவனம். அதில் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் லேன், அதாவது தரவு ஓடும் பாதை, நான்குதான், 8600ஜி-யில் எட்டு. இன்று ஒரு வித்தியாசமும் தெரியாது. நாளைக்கு ஆர்எக்ஸ் 6600 மாதிரி எட்டு லேன் கார்டு ஒன்றைச் செருகும்போதுதான் பாதி வழி அடைத்துக் கிடப்பது தெரியும்.

ரேம் ஏறிக் கிடக்கிற விலைக்கு 16 ஜிபி போதும். ஆனால் கார்டு இல்லாமல் ஓட்டுவதால் இரண்டு 8 ஜிபியாகவே போடுங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, ஒற்றை ரேமில் அது நொண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்பதற்காகப் பின்னால் நாலையும் நிரப்ப நினைக்காதீர்கள். ஏஎம்5-இல் போடும் டிடிஆர்5 ரேமில் நாலு போட்டால் வேகம் இறங்கும். அப்போது இரண்டையும் கழற்றி விற்றுவிட்டு இரண்டு 16 போடுவதுதான் சரி.

எஸ்எம்பிஎஸ் 650 வாட், குறைந்தது 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின் சிக்கனத் தரச்சான்று இருக்கட்டும். கேபினட்டோடு இனாமாக வருவதைத் தொடவே வேண்டாம்.

ஒரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் நிஜமாகவே கார்டு வாங்குவீர்களா? அப்படி எடுத்து வைத்த காசு எனக்கு பைக் வேலைக்குப் போய்விட்டது. உங்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று மனசு சொன்னால், பேசாமல் ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 என்று ஏஎம்4-லேயே முடித்துவிட்டு இன்றைக்கே விளையாடுங்கள்.

படிப்புக்கு வேணும்னு மகன் கேமிங் கம்ப்யூட்டர் கேக்கான். நிஜமா சார்?
– ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பாதி நிஜம், அம்மா. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைவு படிக்கிறவர்களுக்கு அந்தக் கார்டு உதவும். பி.காம். என்றால் உதவாது.

ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஐ5 நாலாம் தலைமுறை சிஸ்டம் சல்லிசா வருது. கார்டு மட்டும் போட்டா போதுமா?
– மேலப்பாளையம் வாசகர்

போதும், ஆனால் அதற்கு மேல் மாடி எழும்பாது. அந்தப் பெட்டிகளில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் கனெக்டரே தனி மாதிரி, வெளியில் வாங்கியது பொருந்தாது. ஆகவே மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டுதான் போட முடியும். ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி பவர் கேபிள் கேட்காத மாடல் பார்த்து வாங்குங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் கார்டின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுபோனது, விண்டோஸ் 11 அந்த ஐ5-ஐ முறைப்படி ஏற்காது. இதெல்லாம் பரவாயில்லை என்றால் வாங்கலாம்.

புது கேபினட்டைத் தொட்டா சுள்ளுனு அடிக்கி. கடைக்காரர் அப்படித்தான் இருக்கும்னு சொல்லுதாரு.
– திசையன்விளை வாசகர்

இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்றுதான் தோன்றுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் வெளி உடம்புக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. இரைச்சலை வடிகட்டி எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லையென்றால் போக வழியின்றி கேபினட் 230-இல் பாதி, 115 வோல்ட் பக்கம் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் அதே வழியாக முழு 230-உம் வரும். கேபிள் இணைப்புள்ள டிவியில் எச்டிஎம்ஐ செருகும்போது பொறி பறந்து போர்ட் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

உங்கள் ஊர்த் தேரி மணல் காய்ந்தால் எர்த் குழி பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உப்பும் கரியும் போட்டுக் குழியைச் சரிசெய்யுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்டினால் மட்டும் போதாது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. சிலர் பிளக் பாயிண்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு "முடிஞ்சுது" என்று போய்விடுவார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் உங்கள் கேபினட் நேரடி பேஸாகிவிடும். அப்படிச் செய்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

600 விஏ யுபிஎஸ் தாங்குமா? வீட்ல இன்வெர்ட்டரும் இருக்கு.
– அம்பாசமுத்திரம் வாசகர்

600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். நடுத்தரக் கார்டு போட்ட சிஸ்டம் விளையாடும்போது 250 வாட் பக்கம் இழுக்கும். சேவ் பண்ணி அணைக்கத் தாங்கும், பின்னால் பெரிய கார்டு என்றால் 1000 விஏ. இன்வெர்ட்டர் சைன் வேவ் (சீரான அலையாக மின்சாரம் தருவது) என்றால் அதில் கரண்ட் போனதும் சட்டென்று மாறும் யுபிஎஸ் மோட் போட்டு முயன்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் வேண்டாம்.

லிக்விட் கூலர் போடணுமா? எங்க ஊர் வெக்கை தெரியும்லா.
– கயத்தாறு வாசகர்

எந்தக் கூலரும் அறையை விடக் குளிராகப் பண்ணாது. 65 வாட் பிராசசருக்கு டப்பாவோடு வரும் ஃபேனே போதும். அந்தக் காசுக்கு முன்பக்கம் வலை போட்ட கேபினட் வாங்கித் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். உங்கள் எதிரி வெக்கை இல்லை, காற்றாலைக் காட்டிலிருந்து வரும் கரிசல் புழுதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும்.