யாரோ எழுதியதை நம்பி லேப்டாப்பைக் கழற்றலாமா?

கேள்வி: 13 அங்குல மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன், 2015 மாடல். சார்ஜரைப் பிடுங்கினால் இருபது நிமிடம்கூடத் தாங்குவதில்லை. கேட்ட இடத்தில் "ரொம்பப் பழசு சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். ஐஃபிக்ஸிட் தளத்தில் பேட்டரி மாற்றும் முறையைப் படம் படமாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாமாமே! நம்பி இறங்கலாமா? பேட்டரி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இறங்கலாம். உங்கள் மாடல் என்பதால்தான் இவ்வளவு சட்டென்று சொல்கிறேன். அதில் பேட்டரியைப் பிடித்திருப்பது ஐந்து ஸ்க்ரூ மட்டுமே. பிறகு வந்த பல லேப்டாப்களில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். அதைப் பெயர்க்கும் வேலை என்றால் வேண்டாம் என்றிருப்பேன். உங்கள் பேட்டரி உப்பியிருந்தாலும் தொடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஐஃபிக்ஸிட் 2003-இல் கலிஃபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. தன் ஆப்பிள் லேப்டாப்பைச் சரிசெய்யக் கையேடு கிடைக்காமல் திண்டாடியவர் கைல் வீன்ஸ், அந்த இருவரில் ஒருவர். யாரும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம் என்பது உண்மைதான், விக்கிப்பீடியா மாதிரி. அதனால் தளம் நல்லதா என்று கேட்டுப் பயனில்லை. நீங்கள் பின்பற்றப்போகும் அந்த ஒரு குறிப்பு எப்படி என்று பாருங்கள். தளத்தின் ஊழியர்களே கழற்றிப் பார்த்து எழுதியவை அங்கே உண்டு. பாடத்தின் பகுதியாகக் கல்லூரி மாணவர்கள் எழுதியவையும் உண்டு. மாணவர் எழுதியது, இன்னும் முடிக்காதது என்றால் மேலேயே சொல்லியிருப்பார்கள். நாம்தான் அதைத் தாண்டி நேராக முதல் படத்துக்குப் போய்விடுகிறோம்.

நான் இந்த மாதிரிக் குறிப்புகளைக் கீழிருந்துதான் படிப்பேன். ஒவ்வொரு படிக்கும் அடியில், செய்து பார்த்தவர்கள் எழுதியிருப்பார்கள். "அருமை, நன்றி" என்பதை விட்டுவிடுங்கள். எங்கே சிக்கியது, எது உடைந்தது என்று எழுதியவர்களைத் தேடுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் முட்டியிருந்தால் அங்கே குறிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. உங்கள் வேலையில் அப்படிப்பட்ட இடம் பேட்டரி கனெக்டர், அதாவது பேட்டரியை மதர்போர்டோடு இணைக்கும் செருகி. மேலே தூக்கக் கூடாது. போர்டுக்கு இணையாக, கிடைமட்டமாக இழுக்க வேண்டும். நல்ல குறிப்பு இதை அழுத்திச் சொல்லும். சொல்லாத குறிப்பை மூடிவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். தவறி எதுவும் குத்தினால், நிறைந்த லித்தியம் பேட்டரிதான் அதிக ஆபத்து. அடிமூடியில் பத்து ஸ்க்ரூ. எல்லாவற்றின் தலையும் ஐந்து இதழ் பூ வடிவம் (பென்டலோப்), சாதாரண ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது. அவற்றில் இரண்டு மட்டும் நீளம். நான் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிவிட்டு, எது எங்கே என்று அரை மணி நேரம் விழித்தேன். இப்போதெல்லாம் ஒரு தாளில் லேப்டாப் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவிடுகிறேன்.

சரி, பேட்டரி. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் லேப்டாப்பின் அடியில் ஏ1466 என்றிருக்கும். அந்த எண்ணை நம்பி மட்டும் ஆர்டர் போடாதீர்கள். 2012 முதல் 2017 வரை வந்த 13 அங்குல ஏர் எல்லாவற்றுக்கும் அதே எண்தான். ஆனால் 2012 மாடலுக்கு ஏ1405 பேட்டரி, 2013-லிருந்து ஏ1496. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது ஏ1496. ஐஃபிக்ஸிட் உதிரிபாகமும் கருவியும் விற்று வாழும் நிறுவனம், அதனால் குறிப்போடு "வாங்குங்கள்" என்பதும் கூடவே வரும். அதில் தப்பில்லை, அங்கேதான் வாங்க வேண்டும் என்றும் இல்லை.

இங்கே வாங்கினால் பேட்டரி மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு அது கட்டாயம். ஆன்லைனில் என்றால் விற்பவரின் பெயரும் முகவரியும் போட்டிருக்க வேண்டும். பாதி விலைக்கு "ஒரிஜினல் ஆப்பிள்" என்று கூவுகிறவரைவிட, "வேறு கம்பெனி, உங்கள் மாடலுக்குப் பொருந்தும்" என்று ஒளிக்காமல் சொல்கிறவரை நான் நம்புவேன்.

பில்லைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் சேவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது. குறிப்பைப் பார்த்து நீங்களே போர்டைச் சுட்டுவிட்டால், எழுதியவர்மேல் நுகர்வோராக வழக்குப் போட முடியாது. பேட்டரி மோசமாக இருந்தால் கதை வேறு, அது காசு கொடுத்து வாங்கிய பொருள். விற்றவர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். கனெக்டரை டேப் சுற்றி மூடி, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள்.