பெட்டி இருக்கு, ரோல்ஸ் எங்க? ஜாவா அரே, ஸ்டாட்டிக் கேள்வி பதில்

ஜாவாவில சந்தேகம் இருந்தா கேளுங்கோ எண்டு சொன்னது நான்தான், இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல. ஒரே மாதிரி வந்ததுகளச் சேர்த்துட்டன்.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, ஸ்டூடன்ட் கிளாஸுக்கு அஞ்சு பேர் பிடிக்கிற அரே செய்தன். பேரைப் போடப் போனா நல் பொயின்டர் எக்செப்ஷன் எண்டு எரர். அரே இருக்குத்தானே?

பதில்: அரே இருக்கு தம்பி, ஸ்டூடன்ட்தான் ஒருத்தரும் இல்லை. பேக்கரில வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து வீட்ட திறந்து ரோல்ஸ் தேடுற கதை. நியூ ஸ்டூடன்ட் எண்டு போட்டு சதுர அடைப்புக்குள்ள 5 எழுதினா அஞ்சு இடம் மட்டும்தான் வரும், அஞ்சிலயும் நல், அதாவது ஒண்டுமில்லை (பேரில மட்டும்தான் நல்லது). இன்ட் அரேல 0, பூலியன்ல ஃபோல்ஸ் எண்டு தானா நிரம்பி இருக்கிறதப் பாத்துப் பழகினதாலதான் எல்லாரும் இதில விழுறது. 0 ல இருந்து 4 வரைக்கும் லூப் ஓடவிட்டு ஒவ்வொரு இடத்துக்கும் தனியா நியூ போடுங்கோ. ஜாவா 15 இல்லாட்டி அதுக்குப் பிறகு வந்தது எண்டா எது நல் எண்டு எரர் மெசேஜே சொல்லும், இன்னும் 8 ல இருந்து மாரடிக்காதைங்கோ.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஃபோர் ஈச் லூப்பில நியூ போட்டன், அப்பவும் நல்.

பதில்: அதில வாற வேரியபிள் வெறும் கொப்பி, அதுக்குப் போட்டது அரேக்குப் போகாது. இன்டெக்ஸ் வச்சுப் போடுங்கோ.

கேள்வி (தெஹிவளை): அரேஸ் கிளாஸில இருக்கிற ஃபில்ல வச்சு நிரப்பினன். ஒருத்தருக்கு மார்க்ஸ் மாத்தினா எல்லாருக்கும் மாறுது.

பதில்: ஃபில்லுக்குக் குடுத்த நியூ ஒருக்காத்தான் ஓடுது, அஞ்சு இடமும் ஒரே ஆளைத்தான் காட்டுது. அதே கிளாஸில இருக்கிற செட்ஓல் பாவியுங்கோ, அதுக்குக் குடுக்கிற லாம்டாவுக்குள்ள (பேரில்லாத சின்ன ஃபங்ஷன்) நியூ போட்டா இடத்துக்கு ஒரு ஆள் வரும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): எனக்கு நியூ எல்லாம் சரி, பிரின்ட் பண்ணினா அஞ்சு பேருக்கும் கடைசிப் பேர்தான் வருது.

பதில்: பேருக்கு முன்னால ஸ்டாட்டிக் இருக்கும், பாருங்கோ. ஸ்டாட்டிக் எண்டா முழு கிளாஸுக்கும் சேர்த்து ஒண்டுதான். மெயினுக்குள்ள எரர் வந்திருக்கும், எடிட்டர் ஸ்டாட்டிக் ஆக்கட்டோ எண்டு கேட்டிருக்கும், நீங்களும் ஓம் எண்டிருப்பீங்கள். ஃபிளட்டுக்கு கேட்ல ஒரு போர்ட், வீட்டுக்கு வீடு லெட்டர் பொக்ஸ். உங்கட பேர் கேட் போர்ட்ல எழுதப்பட்டிருக்கு, பிறகு வந்தவர் அதுக்கு மேலயே எழுதிட்டார்.

கேள்வி (வத்தளை): ஸ்டாட்டிக் புளொக்குக்குள்ள பிரின்ட் போட்டன், அந்த கிளாஸுக்கு அரே செய்தும் ஒண்டும் வரேல்லயே?

பதில்: நல்ல கேள்வி. அரே செய்யுறதால கிளாஸ் இனிஷியலைஸ் ஆகாது, முதல் ஒப்ஜெக்ட் செய்யேக்க, ஸ்டாட்டிக் மெதட்ட கூப்பிடேக்க மாதிரி நேரத்திலதான் அந்த புளொக் ஓடும், அதுவும் ஒருக்காத்தான், எழுதின ஒழுங்கில மேலிருந்து கீழ. இந்த ஒழுங்குதான் என்னை ஒரு நாள் விடிய விடிய இருத்தினது. மேல மூண்டு ஒப்ஜெக்ட்டோட ஒரு ஸ்டாட்டிக் அரே, கன்ஸ்ட்ரக்டர்ல (ஒவ்வொரு ஒப்ஜெக்ட்டும் செய்யேக்க ஓடுறது) கவுன்ட் ஒண்டால கூடுது, அரேக்குக் கீழ கவுன்ட் சமன் 0 எண்டு ஸ்டாட்டிக் லைன். பிரின்ட் பண்ணினா 0! மூண்டு வரைக்கும் கூடித்தான் இருக்கு, பிறகு அந்தக் கீழ் லைன் ஓடி திரும்ப 0 ஆக்கிட்டுது. அந்த லைனை அரேக்கு மேல தூக்கினவுடன 3 வந்துது, நான் போய்ப் படுத்தன்.