முதல் மீனாக டேம்சல் வாங்கலாமா?

கேள்வி: 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று வாங்கினேன். கோவையில் உள்ள கடைக்காரர், "புதுத் தொட்டிக்கு இதுதான் சரி, எதற்கும் சாகாது" என்று சொல்லிக் கறுப்பு வெள்ளைப் பட்டை கொண்ட இரண்டு டேம்சல் மீன்களைக் கொடுத்தார். அவை நலமாகவே இருக்கின்றன. ஆனால் பின்னர் அதே கடையில் வாங்கி விட்ட இரண்டு நிமோ மீன்களையும் அவை ஓட ஓட விரட்டுகின்றன. ஒரு நிமோ இறந்துவிட்டது. கடையில் கேட்டால், உயிருள்ளவற்றுக்குப் பொறுப்பேற்க முடியாது என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், குன்னூர்)

பதில்: எஞ்சியிருக்கும் நிமோவை இன்றே காப்பாற்றுங்கள். ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டு, அதில் நிமோவைத் தனியாக வையுங்கள். டேம்சலை வலையால் பிடிக்க முயன்றால் பாறை இடுக்கில் புகுந்துகொள்ளும். தண்ணீர் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, வாய் உள்நோக்கி இருக்கும்படி திருப்பிச் செருகி, உள்ளே சிறிது இரையிட்டுத் தொட்டியின் அடியில் வைத்தால், பசித்த டேம்சல் பெரும்பாலும் தானாக நுழைந்துவிடும். அதற்கும் சிக்காவிட்டால், தண்ணீரில் பாதியை வாளிகளில் இறக்கிப் பாறைகளை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்களிடம் இருப்பது மூன்று பட்டை டேம்சல் என்று தோன்றுகிறது. கடலில் இது கிளைவிட்ட பவளத்தை ஒட்டிக் கூட்டமாக வாழ்ந்து, தன் எல்லைக்குள் வரும் மீன்களைத் துரத்தும். துரத்தப்பட்ட மீனுக்கு அங்கே விலகிப் போகக் கடல் இருக்கிறது, கண்ணாடித் தொட்டியில் அது இல்லை. மேலும், முதலில் குடியேறிய மீன் தொட்டி முழுவதையும் தன் எல்லையாகக் கொள்வதால், பின்னர் வரும் எந்த மீனும் அதற்கு அத்துமீறி நுழைந்ததாகவே படும். டேம்சலும் நிமோவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அவற்றிடையே போட்டி இன்னும் கடுமையாகிறது. கடையில் விரல் நுனி அளவில் இருக்கும் இம்மீன் 10 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதையும், உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளிகளுடன் விற்கப்படும் கறுப்பு டேம்சல் அதைவிடப் பெரிதாகும் என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை.

"எதற்கும் சாகாது" என்பதும் அரை உண்மைதான். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை டேம்சல் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அதன் செவுள்கள் அந்த நஞ்சில் வெந்துகொண்டுதான் இருக்கும். ஒரு உயிரை இப்படி வதைப்பதற்கு அவசியமே இல்லை, ஏனெனில் மீன் இல்லாமலேயே சிறிது அம்மோனியாக் கரைசல் விட்டு இந்தப் பாக்டீரியாவைப் பெருகவைக்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் வாங்கப் போகலாம். முதலில் வாங்க வேண்டியது அந்த டெஸ்ட் கிட்டைத்தான்.

டேம்சலே வேண்டும் என்றால், ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் மட்டுமே வளரும் மஞ்சள் வால் நீல டேம்சல் ஒன்றே ஒன்றை, மற்ற மீன்களெல்லாம் பழகிய பிறகு கடைசியாக விடுங்கள். மண்டபம், விழிஞ்சம் ஆகிய இடங்களிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்களில் நிமோ வகைகளையும் சில டேம்சல் வகைகளையும் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறை உருவாகியிருப்பதால், கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கடையில் கேட்பது நியாயமே. அலங்காரத்துக்கென்று உண்மையான பவளக்கல்லை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

இனி, கடைக்காரரின் பொறுப்பு. மீன் சண்டையிடுவது அதன் இயல்பு, அதைக் குறைபாடு என்று வாதிடுவது கடினம். ஆனால் சேர்ந்து வாழாது என்று தெரிந்தும் "சேர்த்து விடலாம்" என்று சொல்லி விற்றிருந்தால், அது தவறான தகவல் தந்து விற்றதாகும். வாட்ஸ்அப்பில் அப்படி எழுதியிருந்தால் பத்திரப்படுத்துங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைதான். முதலில் டேம்சல்களைத் திருப்பிக் கொடுத்து வேறு மீனோ பொருளோ கேளுங்கள். பெரும்பாலான கடைகள் இதற்கு இணங்கும். இணங்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். கடை கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் நீலகிரி மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். ஆயினும் சில நூறு ரூபாய் மீனுக்காக அவ்வளவு தூரம் போவதைவிட, திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று பில்லில் எழுதித் தரும் கடையில் மட்டும் வாங்குவது மேல் என்பதே என் கருத்து.

கேள்வி: உதகையின் குளிரில் இத்தகைய மீன்களை வளர்க்க முடியுமா? ஹீட்டர் எவ்வளவு வாட் வேண்டும்? (வாசகர், உதகை)

பதில்: முடியும், ஆனால் செலவு கூடும். தண்ணீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். சமவெளியில் லிட்டருக்கு ஒரு வாட் போதுமானால், உதகையில் இரண்டு வாட் என்று கணக்கிடுங்கள். 100 லிட்டருக்கு 200 வாட் ஹீட்டர் ஒன்றைவிட 100 வாட் ஹீட்டர் இரண்டு பாதுகாப்பானவை, ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். தொட்டியின் பின்புறமும் அடியிலும் தெர்மோகோல் வைத்து, மேலே மூடியிட்டால் மின் கட்டணம் குறையும்.

குளிரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு வரை குறையும்; உப்புநீரில் அது ஏற்கெனவே நன்னீரைவிடக் குறைவு. ஆகவே மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நீரின் மேற்பரப்பு எப்போதும் அலைபாயும்படி பம்ப்பைத் திருப்பி வையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்கில் மின்சாரம் போகும் ஊர் என்பதால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அவசியம்.

கோவையிலிருந்து மீன் கொண்டுவருவதானால், பையில் ஆக்சிஜனை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பைகளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். இறுக்கி நிரப்பிய பை, பர்லியாறு தாண்டி மலை ஏற ஏற உப்பி, முடிச்சு கசிந்து, பாதி வழியிலேயே நீர் இழக்கக்கூடும்.