கொடி மாறுவதற்குள் பணம் கைக்கு வரட்டும்

கேள்வி: சொந்த ஊர் தூத்துக்குடி. குக் தீவுகளில் பதிவாகி அந்தக் கொடி போட்ட ஒரு பழைய எண்ணெய் டேங்கர் கப்பலில் தேர்ட் இன்ஜினியராக இருக்கிறேன். மாதம் 2,800 டாலர் சம்பளம், ஆறு மாதமாக வரவில்லை. கேப்டன் எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசுகிறார், சாப்பாடும் சரியில்லை. வேலைக்காக வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜென்ட்டுக்கு மூன்று லட்சம் கொடுத்தேன். தங்கை கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. இப்போது குஜராத்தில் காண்ட்லா துறைமுகத்து ஆங்கரேஜில், நங்கூரம் போட்டு நிற்கிறோம். கப்பலை விற்றுவிட்டார்களாம், அடுத்த வாரம் கொடி மாறுகிறதாம். இரண்டு மாதச் சம்பளமும் டிக்கெட்டும் தருகிறோம், கையெழுத்துப் போட்டு இறங்கு, மீதியைப் பிறகு அனுப்புகிறோம் என்கிறது கம்பெனி. நான் குக் தீவுகள் கோர்ட்டில் கேஸ் போடலாமா?

பதில்: தம்பி, கேப்டன் பேச்சு, சாப்பாடு, கல்யாணம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான வரி ஒன்றுதான்: அடுத்த வாரம் கொடி மாறுகிறது.

குக் தீவுகள் கோர்ட்டை மறந்துவிடுங்கள். பசிபிக்கில் நியூசிலாந்தோடு இணைந்து தன்னாட்சியாக இருக்கும் 15 தீவுகள் அவை. மொத்த ஜனத்தொகை 15,000 சொச்சம். கப்பல் பதிவேட்டை அரசு சார்பில் ஒரு தனியார் கம்பெனி நடத்துகிறது, வெளிநாடுகளில் இருக்கும் துணைப் பதிவாளர்கள் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அந்தக் கொடியோடு சுற்றும் டேங்கர்கள் தலைநகர் இருக்கும் ராரோடோங்கா பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. கொடி பெரிதாகப் பேசப்படுவது கிரிமினல் விவகாரம் வரும்போதுதான். 2024 கிறிஸ்துமஸ் அன்று பால்டிக் கடலில் மின்கேபிள் அறுந்ததற்காக ஃபின்லாந்து பிடித்து வைத்த ‘ஈகிள் எஸ்’ டேங்கரும் குக் தீவுகள் கொடிதான், அதில் நம் நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று ஹெல்சிங்கி கோர்ட் அந்த வழக்கைத் தள்ளியது 2025 அக்டோபரில். சம்பளப் பாக்கிக்கு நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்களுக்கு இரண்டு பிடிகள் உண்டு, இரண்டும் இப்போது காண்ட்லாவிலேயே இருக்கின்றன.

முதல் பிடி, கப்பல். நம் 2017 அட்மிரால்டி சட்டத்தில் (கப்பல் வழக்குகளுக்கான சட்டம்) மாலுமி சம்பளத்துக்குத்தான் மாரிடைம் லியன், அதாவது கப்பல் மீதே ஒட்டிக்கொள்ளும் பாக்கி உரிமை, வரிசையில் முதல் இடம். உரிமையாளர் மாறினாலும் கொடி மாறினாலும் அது போகாது. சம்பளம் தரவேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைப் படித்துவிட்டு ‘அப்போ அவசரமில்லை’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். குஜராத் உயர் நீதிமன்றம் அரெஸ்ட் ஆணை, அதாவது கப்பலைப் புறப்படவிடாமல் பிடித்து வைக்கும் ஆணை, போட வேண்டுமென்றால் கப்பல் நம் கடல் எல்லைக்குள், அதாவது 12 கடல் மைலுக்குள், நிற்க வேண்டும். நங்கூரம் தூக்கிவிட்டால் அந்த ஆணை கிடைக்காது. வெளிநாட்டில் எங்கேயோ உடைத்துவிட்டால் லியன் ஒட்டிக்கொள்ள இரும்பே மிச்சமிருக்காது. உரிமையாளரின் வேறு கப்பலைப் பிடிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் இந்த ரகக் கம்பெனிகள் கப்பலுக்கு ஒரு கம்பெனி என்று வைத்திருப்பார்கள்.

இரண்டாவது பிடி, கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டிய ஒரு காகிதம்: கைவிடப்பட்ட மாலுமிகளுக்கான நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் விழுந்தாலே நீங்கள் கைவிடப்பட்டவர் கணக்கில் வரலாம். அப்போது நான்கு மாதப் பாக்கி வரைக்கும், ஊர் திரும்பும் செலவும், அந்தச் சான்றிதழ் தந்த காப்பீட்டாளரிடம் நீங்கள் நேரடியாகவே கேட்கலாம். கொடி நாட்டுக்கு 30 நாள் முன்னறிவிப்பு தராமல் காப்பீட்டாளர் அந்தப் பாதுகாப்பை நடுவில் ரத்து செய்ய முடியாது. எனவே இன்றே அதைப் போட்டோ எடுங்கள். கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) எண்ணைப் போட்டு, காப்பீட்டாளர் தளத்தில் கப்பல் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஐஎம்ஓ தரவுத்தளத்தில் கொடிப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய டேங்கர்கள் இப்போது ஒரு சின்னத் தீவின் கொடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. அந்தப் புதிய கொடி சில சமயம் வெறும் போலி. அரூபா, குராசாவ், சின்ட் மார்ட்டன் என்று தீவுகளின் பெயரைத் திருடி வெப்சைட் போட்டுச் சான்றிதழ் விற்கும் கூட்டம் உண்டு. போலிக் கொடியின் கீழ் கப்பல் நாடற்றது. அந்தக் கப்பலுக்காகக் காட்டும் காப்பீட்டுக் காகிதத்தையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

அடுத்தது கையெழுத்து. என்னிடம் வந்த ஒரு மோட்டார்மேன் (இன்ஜின் அறை ஊழியர்), நீங்கள் இருக்கும் இதே நிலையில், ‘சம்பளம் முழுவதும் பெற்றுக்கொண்டேன், சொந்த விருப்பத்தில் இறங்குகிறேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டு விமானம் ஏறிவிட்டார். மீதிப் பணத்துக்குக் கையில் இருந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும். மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று வாதாடலாம், வாதாடினோம். ஆனால் காப்பீட்டாளர் அந்தத் தாளைக் காட்டி ஒரே வரியில் கையை விரித்துவிட்டார், கப்பலும் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. ‘சொந்த விருப்பம்’ என்ற வார்த்தை இருந்தால் டிக்கெட் காசைக்கூட உங்கள் தலையில் கட்டுவார்கள். வாங்கிய தொகைக்கு மட்டும் ரசீது கொடுங்கள், மீதி இவ்வளவு பாக்கி என்று அதிலேயே எழுதுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையா, இறங்காதீர்கள்.

சரி, கேஸ் போடுவதா சமாதானமா? சமாதானம்தான். அரெஸ்ட் மனு தயாராக இருக்கிறது என்று காட்டினால் போதும். கப்பலை வாங்கியவனுக்கு அடுத்த வாரம் அது புறப்பட வேண்டும், அந்த அவசரம்தான் உங்கள் பலம். மொத்தப் பாக்கி 16,800 டாலர். 14,000 பேங்கில் விழுந்தால் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முழுத் தொகைக்காகப் பிடிவாதம் பிடித்தால் அரெஸ்ட், பராமரிப்புச் செலவு, ஏலம் என்று மாதங்கள் ஓடும். அதுவரை கப்பலிலேயே கிடக்கப்போவது நீங்கள்தான், நான் இல்லை. 11,200 என்று நின்றால்? அது நான்கு மாதக் கணக்கு, காப்பீட்டாளரிடமே கேட்கலாம். அதை வாங்கிக்கொண்டு மீதி இரண்டு மாத லியனை எழுத்தில் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 5,600க்கும் ஒரு வாக்குறுதிக்கும் மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

கூட இருக்கும் மற்ற மாலுமிகளையும் ஒரே வக்கீலிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாகப் பேரம் பேசினால் அவரை முதலில் இறக்கிவிட்டு மற்றவர்களை அடிமாட்டு விலைக்கு மடக்குவார்கள்.

ஏஜென்ட்டுக்குக் கொடுத்த மூன்று லட்சம்? லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது, அதற்கு டி.ஜி. ஷிப்பிங்கில் (மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை அலுவலகம்) புகார் கொடுக்கலாம். அதை ஊருக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்வோம்.