வண்டியைத் தூக்கும் முன் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்துள்ளன: வீட்டிலேயே பைக்கைப் பராமரிக்க எந்த ஜாக்கியை அல்லது ஸ்டாண்டை வாங்குவது? கடைக்குப் போகிறவர்கள் முதலில் "எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டால் போதும் என்பது என் கருத்து. எந்தச் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும், வண்டியின் எந்த இடம் பாரத்தை வாங்கிக்கொள்ளும், எந்தத் தரையில் வைத்துத் தூக்கப்போகிறோம் என்ற மூன்றும் தெளிவாகிவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறேன். செயினுக்கு எண்ணெய் விடவும் சக்கரத்தைத் துடைக்கவும் ஒரு ஜாக்கி வாங்கலாமா? (ஒத்தக்கடை வாசகர்)

வேண்டாம். இந்த இரண்டு வேலைகளுக்கும் சென்டர் ஸ்டாண்டே போதும். ஸ்டாண்டில் நிறுத்திய பிறகும் பின்சக்கரம் தரையைத் தொட்டால், ஸ்டாண்டின் பாதங்கள் தேய்ந்திருக்கும் அல்லது அதன் போல்ட் துளை அகன்றுபோயிருக்கும். அதைப் பட்டறையில் சரிசெய்துகொள்வதற்குப் புது ஜாக்கியின் விலை ஆகாது.

சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிக்கும் பழக்கம் நம் பகுதியில் பலரிடம் இருக்கிறது. துணி, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் சிக்கினால் விரலும் சேர்ந்தே உள்ளே போகும். கையை இழுத்துக்கொள்ள அவகாசமே கிடைக்காது. யாராவது ஒருவர் நிறுத்தினாலும் பயன்தான் என்பதால், இதைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் எனக்குச் சலிப்பில்லை.

பல்சர் என்.எஸ். 200 ஓட்டுகிறேன். சென்டர் ஸ்டாண்டு கிடையாது. அடியில் வைத்தால் கத்தரிபோல் விரிந்து தூக்கும் கத்தரி ஜாக்கி நல்லதா, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு நல்லதா? (அண்ணா நகர் வாசகர்)

வாங்குவதற்கு முன் வண்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். இந்த வண்டியில் சைலன்சரின் பெரும்பகுதி இன்ஜினுக்குக் கீழே இருக்கிறது. கத்தரி ஜாக்கி நடுவில் நின்று தூக்க வேண்டுமானால், இன்ஜினுக்கு அடியில் ஓடும் சேஸிஸ் குழாய்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அவ்வாறு இல்லாத வண்டியில் பாரம் முழுவதும் சைலன்சரின் தகட்டின் மீதோ, இன்ஜின் ஆயிலை வடிக்கும் நட்டின் மீதோ போய் உட்காரும். தகடு நசுங்கினாலும் பரவாயில்லை. வண்டி வழுக்கிச் சாய்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மீதுதான் விழும். ஆகவே உங்களுக்குப் பொருந்துவது பின்சக்கரப் பேடாக் ஸ்டாண்டுதான்.

அதிலும் இரண்டு வகை உண்டு. பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மில் மரையுள்ள துளை இருந்தால், அந்த மரையின் அளவுக்கேற்ற ஸ்பூல்களை, அதாவது கொக்கி மாட்டும் சிறு உருளைகளைப் பொருத்தி, கொக்கி உள்ள ஸ்டாண்டை வாங்கலாம். வண்டி கொக்கிக்குள் உட்கார்ந்துவிடுவதால் இதுவே உறுதியானது. துளை இல்லாவிட்டால், ஸ்விங் ஆர்மைக் கீழிருந்து தாங்கும் ரப்பர் பேட் வகையை வாங்க வேண்டும். அப்போது பேட் இரண்டும் செயினை இறுக்கும் டென்ஷனரின் போல்ட்டை உரசாமலும், சமமான இடைவெளியிலும் உட்காருகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கர அச்சான ஆக்சிலின் துளைக்குள் கம்பியைச் செருகித் தூக்கும் மூன்றாவது வகையும் சில கடைகளில் கிடைக்கிறது. அதில் நிறுத்திக்கொண்டு சக்கரத்தைக் கழற்ற முடியாது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வண்டியின் எடை 160 கிலோவை ஒட்டி இருந்தாலும், ஏறத்தாழ பாதிதான் ஸ்டாண்டின் மீது வருகிறது. எனவே தாங்கும் திறனைவிட, ஸ்டாண்டின் அடிப்பகுதி எவ்வளவு அகலம், வெல்டிங் எவ்வளவு சுத்தம் என்பதையே கவனிக்க வேண்டும். தனியாளாகத் தூக்குகிறவர்கள் சைடு ஸ்டாண்டை மடக்காமலேயே முன் பிரேக் லீவரை ஒரு வாரால் இறுக்கிக் கட்டிவிட்டு, இடது கையால் சீட்டின் பின்கைப்பிடியைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி, கொக்கிகள் இரண்டும் ஸ்பூலில் மாட்டியதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்ட பின்னரே வலது கையால் ஸ்டாண்டை ஒரே அழுத்தாகக் கீழே அழுத்த வேண்டும். இறக்கும்போதும் சைடு ஸ்டாண்டு வெளியே இருக்கிறதா என்பதே முதல் பார்வையாக இருக்கட்டும்.

இந்த ஸ்டாண்டில் மற்றொரு நன்மையும் உண்டு. ஸ்விங் ஆர்மையே தாங்குவதால், பின் சஸ்பென்ஷன் சாலையில் நிற்பதுபோலவே ஓரளவு அழுந்தியிருக்கும். சேஸிஸைத் தூக்கும் ஜாக்கியில் சக்கரம் தொங்கிவிடும். செயினின் தளர்வும் அப்போது மாறித் தெரியும். தளர்வை எந்த நிலையில் அளக்கச் சொல்லியிருக்கிறது என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து அதன்படியே அளக்க வேண்டும்.

கப்பலூரில் வேலை செய்கிறேன்; வெல்டிங் எனக்கே தெரியும். பேடாக் ஸ்டாண்டை நானே செய்துகொள்ளலாமா? (கப்பலூர் வாசகர்)

தாராளமாகச் செய்யலாம். ஒரு நல்ல ஸ்டாண்டைக் கடன் வாங்கி, கைப்பிடியின் நீளத்தையும் ஸ்டாண்டின் சக்கரங்களுக்கும் கொக்கிக்கும் உள்ள இடைவெளியையும் அப்படியே அளந்துகொள்ளுங்கள். தூக்குவது சுலபமாக இருப்பதும் கடினமாக இருப்பதும் அந்த இடைவெளியைப் பொறுத்ததுதான். கொக்கி சேரும் மூலையில் சுற்றிலும் முழு வெல்டிங் கொடுங்கள், புள்ளி வெல்டிங்கோடு விட்டுவிடாதீர்கள். முதல் முறை தூக்கும்போது எதிர்ப்பக்கம் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

புல்லட்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் கசிகிறது. நானே மாற்ற நினைக்கிறேன். வீட்டு முற்றம் கரிசல் மண். எந்த ஜாக்கி வாங்கலாம்? (திருமங்கலம் வாசகர்)

உங்கள் கேள்வியில் ஜாக்கியைவிட மண்தான் பெரிய விஷயம். கரிசல் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் நெகிழும். ஏறத்தாழ 190 கிலோ வண்டியின் பாரம் சென்டர் ஸ்டாண்டின் இரண்டு சிறிய பாதங்களில் இறங்கும்போது, காலையில் நேராக நின்ற வண்டி மாலையில் ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கும். கடப்பாக் கல்லைப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அடியில் பள்ளம் இருந்தால் கல் உடைந்துவிடும். மண்ணை மட்டப்படுத்தி மணல் பரப்பி, அதன்மேல் தடித்த மரப்பலகை ஒன்றைப் போடுங்கள். ஸ்டாண்டும் ஜாக்கியும் அந்த ஒரே பலகையின் மேல் இருக்க வேண்டும். தனித்தனிப் பலகை என்றால் ஒன்று இறங்கி மற்றொன்று நிற்கும், வண்டி முறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் இந்த வேலையையே தள்ளிப்போடுங்கள், அல்லது சிமென்ட் தரை உள்ள உறவினர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய்விடுங்கள்.

ஜாக்கியைப் பொறுத்தவரை, சென்டர் ஸ்டாண்டு இருப்பதால் முன்பக்கத்தைத் தாங்க அகன்ற தலையும் ரப்பர் பேடும் கொண்ட கத்தரி ஜாக்கியே போதும். இன்ஜினின் அடியில் வைப்பதாக இருந்தால், ஆயில் வடிக்கும் நட்டுகளைத் தவிர்த்து, இடையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துப் பாரத்தைப் பரவச் செய்யுங்கள். வேலை தொடங்கும் முன் சென்டர் ஸ்டாண்டை ஒரு வாரால் சேஸிஸின் முன்குழாயோடு இழுத்துக் கட்டிவிடுங்கள். ஆக்சிலைத் தட்டி எடுக்கும் அதிர்வில் வண்டி முன்னே நகர்ந்தாலும் ஸ்டாண்டு மடங்காது. சாதாரண முன்சக்கரப் பேடாக் ஸ்டாண்டு இந்த வேலைக்கு உதவாது. அது தூக்குவது ஃபோர்க்கின் அடியைப் பிடித்துத்தான். நீங்கள் கழற்றப்போவதோ அந்த ஃபோர்க்கையே.

வீட்டில் கார் ஜாக்கி இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா? (செல்லூர் வாசகர்)

கூடாது. காரின் ஒரு மூலையை ஜாக்கி தூக்கும்போது மற்ற மூன்று சக்கரங்கள் தரையில் நிற்கும். பைக்கை அதே ஜாக்கியில் தூக்கினால், உள்ளங்கை அளவுகூட இல்லாத அதன் தலை மட்டுமே பக்கவாட்டில் பிடிமானம்.

மேலூரில் சிறிய பட்டறை தொடங்குகிறேன். மேடை லிஃப்ட் அவசியமா? (மேலூர் வாசகர்)

வண்டி முழுவதையும் மேடையோடு உயர்த்தும் இந்த லிஃப்ட் வீட்டுக்கென்றால் வேண்டாம் என்பேன். நாள் முழுவதும் குனிந்து வேலை செய்யப்போகிற உங்களுக்கு அவசியம். முதுகு போன மெக்கானிக்குகள் நம் ஊர்களில் குறைவில்லை. காலால் மிதிக்கும் ஹைட்ராலிக் வகைக்கு மின்சாரம் தேவையில்லை. பஞ்சர் வேலைக்கு ஏற்கெனவே கம்ப்ரசர் வைத்திருந்தால் காற்றில் ஏறும் வகையையும் பார்க்கலாம். முன்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸும், மேலே ஏறியபின் செருகும் பூட்டுக் கம்பியும் இல்லாத லிஃப்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வண்டியை இரு பக்கமும் வார் போட்டுக் கட்டிய பிறகே மேடையை உயர்த்துங்கள்.

ஹைட்ராலிக் ஜாக்கி இரவில் தூக்கி வைத்தால் காலையில் இறங்கியிருக்கிறது. என்ன காரணம்? (உசிலம்பட்டி வாசகர்)

உள்ளே சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது இறக்கும் திருகு முழுதாக மூடாமல் இருக்கலாம். திருகை இறுக்கி, மேலே எழும் தண்டைத் துணியால் துடைத்துவிட்டு மீண்டும் தூக்கிப் பாருங்கள். தண்டைச் சுற்றி எண்ணெய் வளையம் மறுபடி தெரிந்தால் சீல்தான். ஜாக்கி எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள்; பிரேக் ஆயிலை ஊற்றினால் மீதமுள்ள சீல்களும் ஊறிக் கெட்டுவிடும். புதிய ஜாக்கியாகவே இருந்தாலும் எண்ணெயின் அழுத்தத்தை மட்டும் நம்பி வண்டியை இரவு முழுவதும் விடக்கூடாது. தூக்கியவுடன் பூட்டுக் கம்பியைச் செருகுங்கள், பூட்டு இல்லாவிட்டால் சேஸிஸுக்கு அடியில் மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். வேலை முடிந்தபின் தண்டு முழுவதும் உள்ளே இறங்கிய நிலையிலேயே ஜாக்கியை எடுத்துவைத்தால் தண்டில் துரு ஏறாது.