மலையில் பனிக்காலம்: கேள்வி பதில்

நீலகிரியில் நவம்பர் பிறந்தாலே உறைபனி பேச்சு தொடங்கிவிடும். பிப்ரவரி வரை ஓயாது. மலையில் வைத்தியம் பார்ப்பவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளில் சில.

கேள்வி (சேலம்): ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டி வருகிறோம். தங்கும் இடத்தில் ஹீட்டர் இல்லை, கரி அடுப்பு தருகிறோம் என்கிறார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு ராத்திரி அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா டாக்டர்?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கப்போய் காலையில் எழாதவர்கள் உண்டு.

புகை அடங்கி, கரி கனன்று சிவந்ததும் "இனி பயமில்லை" என்று அடுப்பை உள்ளே தூக்கி வருவார்கள். அந்தக் கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறம் கிடையாது, வாடை கிடையாது, கண் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருந்தால் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று உடம்பு சொல்லும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது.

ஜன்னல் இடுக்கை நம்பாதீர்கள். குளிர் தாங்காமல் நடுராத்திரியில் யாராவது எழுந்து சாத்திவிடுவார்கள். சாம்பல் மூடிய கரியும் அந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். முற்றத்தில் உட்கார்ந்து ஆசைதீரக் குளிர் காயுங்கள்; அடுப்பு அங்கேயே இருக்கட்டும். உள்ளே கூடுதல் கம்பளி, காலுறை, வெந்நீர்ப் பை போதும்.

ஒரே அறையில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால், முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். உடனே 108. வெளிக்காற்றில் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், ஆக்சிஜன் தேவைப்படும்.

கேள்வி (குன்னூர்): பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கிறோம். அதுவும் ஆபத்தா?

அதே வாயு, அதே ஆபத்து. வெளியே மாற்றுங்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): 8 மாதக் குழந்தைக்குச் சளி. தேனில் துளசிச் சாறு கொடு, நெஞ்சில் கற்பூரத் தைலம் தடவு என்கிறார் மாமியார்.

ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது. அதிலிருந்து பச்சைக் குழந்தைகளுக்கு பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். கற்பூரம் 2 வயதுக்குள் வேண்டாம், வலிப்பு வரக்கூடும். ஆவியும் வேண்டாம், கொதிநீர் கவிழ்ந்து வெந்த பிள்ளைகளைப் பார்க்கும் கொடுமை போதும். குல்லா, காலுறை, தாய்ப்பால், மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு. கதகதப்பாகச் சுற்றி வைத்துக்கொள்ளும் வேலையை மாமியாரிடம் கொடுங்கள், உங்களைவிட நன்றாகச் செய்வார்.

நீங்கள் மூச்சை எண்ணுங்கள் அம்மா. குழந்தை அழாதபோது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி (ஊட்டி): அப்பாவுக்கு 68 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். மார்கழியிலும் விடிகாலை 5 மணிக்கு நடக்கப் போகிறார்.

நடக்கட்டும், வெயில் வந்த பிறகு. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி பிபி ஏறும். இதயத்துக்குச் சுமை கூடும். காதையும் தலையையும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்கால பிபியை ஒருமுறை பார்த்துவிடுங்கள், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். வருடாந்திர ஃப்ளூ ஊசியும் இந்த வயதில் நல்லது.

கேள்வி: எஸ்டேட்டில் இலை பறிக்கிறேன். காலையில் விரலெல்லாம் சிவந்து வீங்கி அரிக்கிறது.

குளிர்ந்த விரலை நேரே நெருப்பில் காட்டினால் இது மோசமாகும். ஈரக் கையைத் துடைத்து, அக்குளில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். உள்ளே கம்பளிக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. புண்ணானால் காட்டிவிடுங்கள்.

கேள்வி: சளிக்கு மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடலாமா?

கூடாது. சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது.

கேள்வி: இழுப்பு குறைந்துவிட்டது. தினசரி இன்ஹேலரை நிறுத்தலாமா? பழகிவிடும் என்கிறார்களே?

பழகாது. அதைப் போடுவதால்தான் இழுப்பு குறைந்திருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள். போட்டதும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.